கண்ணில் வைத்த சந்தனம்

அக்சிலியாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது லேசுப்பட்ட காரியமில்லை. ஊரே பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும்போது அவள் பந்தலை அண்ணாந்து பார்ப்பாள். "அண்ணா, அந்த லைட் செட் ஒரே ஒரு கொக்கியிலதான் தொங்குது. அது விட்டுச்சுன்னா என்ன ஆகும்?" என்று என் காதில் கேட்பாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்குமா? அவளுக்கு இறங்கும். பந்தல்காரரைத் தேடிப்பிடித்து, சிரித்துப் பேசி, இன்னொரு கயிறு கட்டவைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பாயசத்தை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள்.

சேலத்தில் ஆடிப் பொருட்காட்சி நடக்கும்போது ராட்டினம் பக்கம் போனால் இன்னும் வேடிக்கை. பிரேக் எங்கே, அச்சில் பூட்டு ஆணி எத்தனை, கரண்ட் போனால் மேலே இருப்பவர்களை எப்படி இறக்குவீர்கள் என்று ஓட்டுகிறவரைப் பேட்டி எடுப்பாள். பின்னால் வரிசை நீளும், ஜனங்கள் முணுமுணுப்பார்கள், அவளுடைய கணவன் ஜெனிஷ் கூட்டத்தில் யாரோ மாதிரி தள்ளி நிற்பான். பதில் திருப்தியாக வந்துவிட்டால் ஏறி உட்கார்ந்து அந்த மைதானத்திலேயே அதிகமாகக் கூச்சல் போடுகிறவள் அவளாகத்தான் இருப்பாள். "எல்லாம் கேட்டாச்சுல்ல, இனிமே நிம்மதியா கத்தலாம்" என்பது அவள் கட்சி.

நான் குமரகுரு. அயோத்தியாப்பட்டணத்தில் மெஷின்களுக்கு கன்ட்ரோல் பேனல் செய்து கொடுக்கும் பட்டறை எங்கள் இருவருடையது. யோசிப்பது, படம் போடுவது, சோதித்துப் பார்ப்பது அக்சிலியா. ஆர்டர் பிடிப்பது, தலையாட்டுவது, வாடிக்கையாளர் திட்டும்போது வாங்கிக் கட்டிக்கொள்வது நான். சொந்த ஊர் எனக்கு நாமக்கல் பக்கம். எங்கள் ஆட்கள் திட்டும்போதும் 'ங்க' போட்டே திட்டுவார்கள் என்பதால் அவ்வளவாக வலிக்காது.

அவள் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா தோமினிக் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், அம்மா இன்பமேரி தையல்காரர். இன்ஜினியரிங் முடித்து, ஓசூரில் மெஷின்களுக்குப் பாதுகாப்புக் கருவி செய்யும் ஒரு கம்பெனியில் சில வருஷம் இருந்துவிட்டு, கல்யாணம் ஆனதும் ஃபேர்லேண்ட்ஸில் குடியேறினாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பாடல் குழுவில் பாடுவாள். மற்ற நாட்களில் சாலிடரிங் புகைக்கு நடுவே அதே பாட்டைப் பட்டறையில் பாடுவாள். எனக்கும் இப்போது பாதிப் பாட்டு மனப்பாடம். என் மனைவி வித்யா ஒருநாள் நான் குளிக்கும்போது பாடியதைக் கேட்டுவிட்டுப் பயந்துபோனாள்.

புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் எல்லோரும் அவளிடம் ஒரே கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "ஏனுங்க அம்மிணி, உங்க ஊட்டுல யாருக்காச்சும் மெஷின்ல கை போயிருச்சுங்களா?" ஏதோ சோகக் கதை வரப்போகிறது என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

"இல்லைங்க. எங்க வீட்ல எல்லாருக்கும் எல்லா விரலும் இருக்கு. ஒண்ணுமே நடக்கலை. எல்லார் வீட்லயும் அப்படியே ஒண்ணும் நடக்காம இருக்கணும்னுதான்" என்று சொல்லிச் சிரிப்பாள். கேட்டவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கென்னவோ அவளிடம் ரொம்பப் பிடித்ததே இந்தப் பதில்தான்.

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அங்கெல்லாம் பெண்டிங் மெஷின் என்று ஒன்று இருக்கும். கீழே ஒரு பள்ளம் உள்ள இரும்பு அச்சு, மேலே ஒரு கனத்த இரும்பு விளிம்பு. இரும்புத் தகட்டை நடுவில் வைத்துக் காலால் பெடலை மிதித்தால் விளிம்பு இறங்கித் தகட்டை மடிக்கும். தகடு, விரல் என்று அதற்கு வித்தியாசம் தெரியாது.

மயில்சாமி அந்த ஊரில் பெரிய பாடி பில்டர். விவசாயக் குடும்பம். வீட்டையொட்டி இருந்த சோளக்காட்டிலேயே பட்டறை போட்டு வளர்ந்தவர். பழைய பெண்டிங் மெஷினோடு கூட அவர் வாங்கிய புது மெஷினுக்கு அக்சிலியா ஒரு கண் வைத்துக் கொடுத்திருந்தாள். நாங்கள் அதைக் கண் என்றுதான் சொல்வோம். மெஷினின் இரு பக்கமும் இரண்டு கம்பங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். தகடு நிற்கும் உயரத்துக்கு மேலே எவர் கை குறுக்கே போனாலும் கதிர் அறுபடும், இறங்குகிற விளிம்பு அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இதில் அவள் முக்கியமாகச் செய்த வேலை வேறு. எங்கள் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் உண்டு. எந்த சென்சார் தொந்தரவு கொடுத்தாலும் ஒரு துண்டு ஒயரை எடுத்து இரண்டு முனையையும் இணைத்துவிட்டு, "அது கெடக்குது, நீ ஓட்டு" என்பார்கள். ஆகவே கண்ணிலிருந்து வரும் செய்தியை அவள் இரண்டு தனித்தனி ஒயர்களில் அனுப்பினாள். இரண்டும் ஒன்றுபோல் சொன்னால்தான் பேனல் நம்பும். ஒன்று 'ஓடு' என்றும் இன்னொன்று 'நில்' என்றும் சொன்னால் பேனல் பூட்டிக்கொள்ளும், சாவி போட்டாலொழிய மெஷின் எழுந்திருக்காது.

மெஷின் ஓட்டுகிறவர் கருப்பண்ணன். பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டுகிறவர், ஒவ்வொரு தகடு எடுத்த பின்னும் அச்சைத் துண்டால் ஒரு துடை துடைக்காமல் அடுத்ததை வைக்கமாட்டார். அந்தத் துடைப்பு வரும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கண் வைத்த பிறகு மயில்சாமி பட்டறையில் எல்லோரும் அதை வேடிக்கை பார்த்தார்கள். மற்ற பட்டறைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டு, "அவரு வெச்சிருக்காரு, ஒரு வருசம் ஓடுதான்னு பாப்பமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மயில்சாமி கழற்றி எறிந்தால் நாமக்கல்லில் இன்னொருவர் வாங்கமாட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் விஜயதசமி வந்தது. முந்தின நாள் ஆயுத பூஜை. பட்டறைகளில் எல்லா மெஷினையும் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டு ஓய்வு கொடுத்துவிடுவார்கள். மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்து முதல் வேலையைத் தொடங்குவார்கள். அந்த முதல் வேலை எப்படி நடக்கிறதோ வருஷம் முழுக்க அப்படித்தான் நடக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

காலையில் நான் எங்கள் பட்டறையில் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"ஏனுங்க குமரகுரு, நோம்பி நாளும் அதுவுமா உங்க சாமான் சண்டித்தனம் பண்ணுதுங்க. மெஷினு அசைய மாட்டேங்குது. பூசைக்கு வந்த சனமெல்லாம் என்ற மூஞ்சியப் பாக்குது. சித்த வந்து பாருங்க. இல்லீன்னா நானே புடுங்கி எறிஞ்சுபோடுவேன்."

அக்சிலியா வீட்டில் இடியாப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டப்பாவோடு வந்து காரில் ஏறினாள். ராசிபுரம் தாண்டும் வரை டப்பாவைத் திறக்கவில்லை. அவள் சாப்பிடாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது.

"பயமா இருக்கு அண்ணா" என்றாள். "தப்பு என்னோடதா இருந்தா சரி பண்ணிடுவேன். அவரு கோபத்துல கழட்டிட்டாருன்னா? கருப்பண்ணன் அண்ணன் நாளைக்கும் துண்டை எடுத்துக்கிட்டு உள்ள கை விடுவாரே."

எனக்கும் அதேதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "அவரு அப்படியெல்லாம் பண்ணமாட்டாரு" என்றேன். அவர் அப்படித்தான் பண்ணுவார் என்று இருவருக்குமே தெரியும்.

பட்டறை வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே சாம்பிராணி வாசனை. பெண்டிங் மெஷினின் மேல்சட்டத்தில் செண்டுமல்லி மாலை கனமாகத் தொங்கியது. வேட்டி சட்டையில் மயில்சாமி, பட்டுப்புடவையில் அவர் மனைவி சௌந்திரம், புதுத் துண்டோடு கருப்பண்ணன், சுற்றிலும் வேலையாட்களும் உறவுக்காரர்களும், ஓரமாகப் பூசாரியும் தவில்காரரும். பட்டறை எலக்ட்ரீஷியன் தனபால் மட்டும் தள்ளிப்போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலேயே எனக்குப் பாதி விஷயம் புரிந்துபோனது.

அக்சிலியா எதையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினை ஒரு சுற்று சுற்றி வந்தாள். இடது கம்பத்தின் முன் நின்றாள். குனிந்தாள். அப்புறம் அந்த நல்ல நாளில், அத்தனை பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும் இடத்தில், வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏனுங்க அம்மிணி, நாங்க வவுத்தெரிச்சல்ல நிக்கறோம், நீங்க சிரிக்கறீங்களா?" என்றார் மயில்சாமி. அவர் கழுத்து நரம்பு புடைத்தது.

"மன்னிச்சுக்குங்க. இங்க வந்து பாருங்களேன்."

பார்த்தோம். கம்பத்தில் ஒளிக்கதிர் புறப்படும் கண்ணாடிப் பட்டையில், மேலிருந்து கீழ்வரை, அளவெடுத்த மாதிரி வரிசையாகச் சந்தனம், ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். எதிர்க் கம்பத்திலும் அதே அலங்காரம்.

"மெஷினுக்குக் கண்ணுன்னு சொன்னீங்களே அம்மிணி" என்றார் சௌந்திரம்.  "கண்ணுக்குத்தான் மொதல்ல வெக்கோணுமின்னு நாந்தான் பாத்துப் பாத்து வெச்சேன்."

"அழகா வெச்சிருக்கீங்கம்மா" என்றாள் அக்சிலியா. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. "அது வழியாத்தான் மெஷின் பாக்குது. பாக்க முடியலைன்னா அசையக் கூடாதுன்னு நான்தான் அதுக்குச் சொல்லி வெச்சிருக்கேன். அது சொன்ன பேச்சைக் கேட்டுக்கிட்டு நிக்குது."

பிறகு பேனலைத் திறந்தாள். உள்ளே அவள் ஒயர்கள் எல்லாம் சாம்பல் நிறம். அவற்றுக்கு நடுவே ஒரு பச்சை ஒயர் இரண்டு முனைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது. அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல், "இது என்னோடது இல்லையே" என்றாள்.

எல்லோரும் தனபாலைப் பார்த்தார்கள். "மொதலாளி அவசரப்படுத்துனாருங்க" என்று எழுந்து வந்தார் அவர். "நல்ல நேரம் போகுதுன்னாரு. ஒண்ணுல ஷார்ட் பண்ணி உட்டேன். உட்டதும் ஒரேடியாப் பூட்டிக்கிச்சுங்க. என்னங்கக்கா, நான் வருவேன்னு தெரிஞ்சே வெச்சீங்களா?"

"உங்களுக்காகத்தான் அண்ணா வெச்சேன்" என்றாள். மயில்சாமியைத் தவிர எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தனபாலுக்கும் சிரிப்பு வந்தது.

அவளோ சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டாள். "தப்பு என்னோடதுங்க" என்று மயில்சாமியிடம் நேராகச் சொன்னாள். "தூசி விழுந்தா, தண்ணி பட்டா, எலி கடிச்சா, யாராவது ஷார்ட் பண்ணா, எல்லாம் யோசிச்சேன். என் ஸ்கூட்டருக்கே வருஷா வருஷம் பொட்டு வெக்கிறேன். இது மட்டும் தோணலை பாருங்க. பொட்டுக்குன்னு ஒரு இடம் விட்டிருக்கணும்."

சந்தனத்தைத் துடைக்க வேண்டுமே. அந்த நல்ல நாளில், பூஜைக்கு வைத்த பொட்டை யார் அழிப்பது? அக்சிலியா கை வைக்கவில்லை. "நீங்க வெச்சது. நீங்களே எடுத்தாத்தான் நல்லது" என்று சௌந்திரத்திடம் துணியைக் கொடுத்தாள். அவர் துணியைத் தள்ளிவிட்டுத் தன் பட்டு முந்தானையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணாடி பளிச்சென்று ஆனது. அக்சிலியா மார்க்கரால் கம்பத்தின் வெளிப்பக்கம் ஒரு வட்டம் போட்டாள். "இங்க வைங்கம்மா. எவ்வளவு பெருசா வேணும்னாலும் வைங்க." சௌந்திரம் வைத்தார். சாவியைத் திருப்பியதும் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை எரிந்தது. ஒரு குச்சியைக் குறுக்கே நீட்டிச் சோதித்துப் பார்த்துத் தலையாட்டினாள்.

நான் பெருமூச்சு விட்டேன். கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

"ஓடுனது செரிங்க அம்மிணி" என்றார் மயில்சாமி. கோபம் இறங்கியிருந்தது. ஆனால் தீர்மானம் இறங்கவில்லை. அது கோபத்தைவிட மோசம். "உங்களக் கொற சொல்லலீங். ஆனா, ஒரு சிட்டிகைச் சந்தனத்துக்கு நிக்கற சாமான வெச்சுக்கிட்டு நான் லாரிக்காரனுக்கு எப்படிங்க பதில் சொல்றது? இன்னைக்கு நோம்பி. நாளைக்கு வந்து கழட்டிக்கிட்டுப் போயிருங்க. பெடலும் ஆளும் போதும். நான் பட்டறை போட்ட நாள்ல இருந்து அப்படித்தான்."

நான் வாயைத் திறக்கப் போனேன். என் வழக்கப்படி "சரிங்க" என்றுதான் வந்திருக்கும். அதற்குள் அக்சிலியா பேசினாள். அவள் முகம் வாடியிருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"கழட்டணும்னா கழட்டறேங்க. மெஷின் உங்களோடது. எனக்கு மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. இன்னைக்கு முதல் தகடு மட்டும் இதோட மடிச்சுக்குங்க."

"அதுக்கென்னுங்க, மடிச்சுக்கலாம்."

காலை நல்ல நேரம் போய்விட்டாலும் அடுத்த நல்ல நேரம் தொடங்கியிருந்தது. பூசாரி கற்பூரம் காட்டினார். மஞ்சள் தடவிய தகட்டை ஒரு பக்கம் கருப்பண்ணனும் மறுபக்கம் மயில்சாமியும் பிடித்து அச்சின் மேல் வைத்தார்கள். முதல் தகட்டில் முதலாளி கை படவேண்டும் என்பது அங்கே வழக்கம். உறவுக்காரர்கள் கை கூப்பினார்கள். கருப்பண்ணன் கண்ணைத் தகட்டின் கோட்டில் வைத்து, "முருகா" என்று பெடலை மிதித்தார்.

மோட்டார் உறுமியது. சட்டம் அதிர்ந்தது. மாலையிலிருந்து ஒரு செண்டுமல்லி உதிர்ந்து நேராகத் தகட்டின் மடிப்புக் கோட்டில் வந்து விழுந்தது.

சாமிக்குப் போட்ட பூ. முதல் வேலையிலேயே நசுங்கப் போகிறது. எங்கள் ஆட்களில் எவராக இருந்தாலும் கை தானாகப் போகும். மயில்சாமியின் கையும் போனது. யோசித்துப் போன கை இல்லை, பூவைப் பார்த்துப் போன கை. கருப்பண்ணன் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், காலை எடுக்கவில்லை. சௌந்திரம் "ஐயோ" என்றார். 

டக் என்று ஒரு சத்தம்.

விளிம்பு நின்றது. அதற்குக் கீழே மயில்சாமியின் கை, விரல்களுக்கு நடுவில் பூவோடு, அப்படியே இருந்தது. விளிம்புக்கும் அவர் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டி நுழையும். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

 மயில்சாமி மெதுவாகக் கையை வெளியே எடுத்தார். உள்ளங்கையைப் பார்த்தார், திருப்பிப் புறங்கையைப் பார்த்தார். மேலே நிற்கும் இரும்பைப் பார்த்தார். கருப்பண்ணன் பெடலை விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, நான் பாக்கலீங்கண்ணா, நான் பாக்கலீங்கண்ணா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நானுந்தான்டா பாக்கல" என்றார் மயில்சாமி. பிறகு அக்சிலியா பக்கம் திரும்பினார். "அதுதானுங்க பாத்துருக்குது."

அக்சிலியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துவிட்டது. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் பொங்கியது. யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் பக்கத்தில் நின்ற தனபாலைக் கட்டிக்கொண்டேன். அவர் என் தோளில் முகத்தை வைத்து, "இனி ஒயரத் தொட்டா என்னையச் செருப்பால அடிங்க" என்றார்.

"நாளைக்கு வந்து..." என்று அக்சிலியா தொடங்கினாள். அவளுக்கு அதைக் கேட்டே ஆகவேண்டும்.

"நாளைக்கு வாங்க" என்றார் மயில்சாமி. "வந்து அந்தப் பழைய மெஷினுக்கும் கண்ணு வெய்யிங்க. எவனாச்சும் இதுல கைய வெச்சுக் கழட்டுனான்னா அவனுக்கு இந்தப் பட்டறையில வேல இல்ல. எனக்குஞ் சேத்துத்தான் சொல்றேன்."

சௌந்திரம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, பூ வைத்திருந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். சொந்தபந்தம் முன்னால் புருஷன் பக்கத்தில் நிற்கவே கூச்சப்படுகிற மனுஷி. அன்றைக்கு யார் பார்க்கிறார்கள் என்று அவர் பார்க்கவேயில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

தவில்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று அடிக்கத் தொடங்கினார். யாரோ கருப்பண்ணனைத் தூக்கி நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷின் அருகே வந்து, தகட்டைச் சரியாக நகர்த்தி, மறுபக்கம் இருந்த முதலாளியைப் பார்த்தார்.

"அண்ணா, அந்தப் பக்கம் ரெண்டு கையிலயும் புடிங்க. நேரம் போகுதுங்க."

மயில்சாமி ஒரு கையால் தகட்டைப் பிடித்தார்.

"ஒண்ணுலதான்டா புடிக்க முடியும். இன்னொண்ணு உங்கக்கா கிட்ட இருக்குது" என்றார்.